ஏகாம்பரம் ஆபிரகாமான ஆட்டம்

1

வின்னிபெக்கில் நாங்கள் போகும் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் போன குளிர்காலத்தில் ஒரு படம் போட்டார்கள். பக்கத்துச் சபைகளுக்கிடையே பையன்களின் கூடைப்பந்துப் போட்டி தொடங்க இருந்தது. அதற்கு முன்னால் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவதற்காக, ஒரு சர்ச் கூடைப்பந்து அணியைப் பற்றிய நகைச்சுவைப் படம். என் மகன் ஜோயலுக்குப் பதின்மூன்று வயது. அவனும் அணியில் இருந்தான். ஆகவே என் கணவர் சாம், நான், ஆவடியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அப்பா எல்லோரும் போனோம்.

படத்தில் வருகிற அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. தொப்பை வைத்த குழாய் ரிப்பேர்க்காரர், கண்ணாடியைக் கழற்றினால் வளையம் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஆசிரியர், கோபம் வந்தால் வேத வசனம் சொல்லிக்கொண்டே காலை மிதிக்கும் போதகர். கூடம் முழுக்கச் சிரிப்பு. பாதிப் படத்தில் அவர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சர்ச் பக்கமே தலைவைத்துப் படுக்காத, வீடு வீடாகப் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் நெட்டையன் ஒருவனைப் பிடித்துவந்து, சபை உறுப்பினன் என்று பொய் சொல்லி ஆட வைக்கிறார்கள். அவனுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் காட்சியில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தக் காட்சியை நாங்கள் இரண்டு பேரும் ஆவடியில் நேரிலேயே பார்த்தவர்கள்.

2

இங்கே என் பெயர் மிஸஸ் தேவசகாயம். அது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் வேண்டும் என்றார்கள் என்று அந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தப் பெயரை உச்சரிக்க ஒவ்வொருவரும் ஒரு பாடுபடுவார்கள். நானும் லேசுப்பட்டவளில்லை. முதல் வேலைக்கான நேர்காணலில், கல்லூரிப் படிப்பை எப்போது முடித்தாய் என்று கேட்டதற்கு, நம் ஊர் வழக்கப்படி இன்ன வருஷம் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றேன். அந்தப் பெண் பதறிப்போய், இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டாள். மயங்கி விழுந்தேன் என்று புரிந்துகொண்டாளாம்.

அப்பாவுக்கு விசா வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அழைப்புக் கடிதம், வங்கிக் காகிதம் எல்லாம் அனுப்பிய பிறகும், தகப்பனின் முதல் பெயர் எப்படி மகளின் குடும்பப் பெயர் ஆகும் என்று விளக்கம் கேட்டார்கள். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரைத் தனியே விட மனமில்லாமல் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி அழைத்து வந்தேன்.

ஜோயலுக்கு நாம் பேசும் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். தாத்தா வந்த புதிதில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். படம் பார்த்து வந்த மறுநாள்தான் அந்த நிலைமை மாறியது. நான் வேலை முடிந்து வரும்போது, மாடிப்படியில் உட்கார்ந்து அப்பா கையை வீசி வீசி ஏதோ சொல்ல, ஜோயல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அன்று சாப்பாட்டு மேசையில் அவன் எனக்கே அந்தக் கதையைச் சொன்னான். தாத்தாவும் சர்ச் அணியில் ஆடினாராம். அந்தப் படத்தில் வருவதுபோலவே ஒருவரைக் கூட்டிவந்து ஆட வைத்தார்களாம். இறுதி ஆட்டத்தில் மாட்டிக்கொண்டதும் தாத்தா முன்னால் வந்து, இவனை அழைத்துவந்தது நான்தான், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றாராம்.

அப்பா தலையைக் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.  நடந்தது அதுவல்ல.

3

எண்பதுகளின் நடுவில் எங்கள் வீடு ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தது. அப்பாவுக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். அடுத்த வீட்டில் வேலூர், எதிர் வீட்டில் தஞ்சாவூர் என்று ஒரே தெருவில் தமிழ்நாட்டின் எல்லாப் பேச்சும் கேட்கும். எங்கள் சபை சின்னது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டது. அதைச் சேர்ந்த ஆண்கள் சிலர் சாயங்காலம் சங்கு ஊதியதும் மைதானத்துக் கூடைப்பந்துத் தளத்தில் கூடுவார்கள். அப்பாதான் கேப்டன். ஆட்டம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. பந்தை விட அவர்கள்தான் அதிகமாகத் தரையில் உருண்டார்கள். சீருடைக்குக் காசில்லை என்று வெள்ளைப் பனியன்களை வாளியில் நீலச் சாயம் கரைத்து அம்மாவும் மற்றப் பெண்களும் நனைத்துக்கொடுத்தார்கள். வேர்த்தால் சாயம் ஒழுகும். ஆடி முடித்து வருகிறவர்களின் கழுத்தும் முதுகும் நீலமாக இருக்கும்.

ஏகாம்பரம் பருத்திப்பட்டுக்காரர். ஏரியோரத்தில் தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். அப்போது நிலம் சுருங்கி, மாடுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. குவார்ட்டர்ஸுக்கு சைக்கிளில் பால் கொண்டுவருவார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். நிலைப்படியில் குனிந்துதான் நிற்பார், அவ்வளவு உயரம். சாயங்காலப் பால் ஊற்றிவிட்டுத் தளத்தின் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் வெளியே வந்து விழுந்த பந்தை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே வளையத்தில் போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அந்த வருஷம் அம்பத்தூரில் வட்டாரச் சபைகளுக்குப் போட்டி. ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர்கள் மட்டும் ஆடலாம் என்பது விதி. அப்பா அவரை எங்கள் வீட்டு வாசலில் உட்காரவைத்துக் கெஞ்சினார். "அண்ணாத்தே, எங்கம்மாக்குத் தெரிஞ்சா ஊட்ல சோறு போடாது" என்று ஏகாம்பரம் முதலில் மறுத்தார். பிறகு அப்பா, நாலு ஆட்டம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது, ஏதாவது வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் அந்த வாக்கைக் காதால் கேட்டேன். ஏகாம்பரத்துக்கு ஆபிரகாம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒருவேளை யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமென்று அம்மா அவருக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுத்தாள். அடுப்படி வாசலில் டீ டம்ளரோடு உட்கார்ந்து அவர் அதை ஒப்பிப்பார். முதல் பாதி வந்துவிடும். நடுவில், 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று வரும் இடத்தில் சிக்கிக்கொள்வார். "அந்த கடன்காரன் மேட்டர் வருதே, அங்கதான் அக்கா கொயப்புது" என்பார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை.

4

அவரால் மூன்று ஆட்டங்கள் ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டோம். அது ஆடி மாதம். பருத்திப்பட்டில் அம்மன் கோயில் தீமிதிக்கு ஏகாம்பரம் காப்புக் கட்டியிருந்தார். அதை அவிழ்க்கக் கூடாது, அவிழ்க்கவும் மாட்டேன் என்றார். அப்பா ஒரு கைக்குட்டையை அதன்மேல் சுற்றிக் கட்டிவிட்டார்.

இறுதி ஆட்டம் பார்க்க எங்கள் சபையே வந்திருந்தது. எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் அணிக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாம் பாதியில் ஏகாம்பரம் பந்துக்காக எகிறியபோது எதிரணிக்காரர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். கைக்குட்டை கழன்று விழுந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் அதில் கட்டிய மஞ்சள் கிழங்குத் துண்டும் எல்லோருக்கும் தெரிந்தன. கூட்டத்தில் குமணன்சாவடிக்காரர் ஒருவர், அவன் ஆபிரகாம் இல்லை, பருத்திப்பட்டுப் பால்காரன் ஏகாம்பரம் என்றார்.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். போட்டிக் கமிட்டியின் தலைவர் தளத்துக்குள் வந்தார். தொழிற்சாலையில் அப்பா வேலைபார்த்த ஷாப்பிலேயே அவர் ஃபோர்மேன். அப்பாவின் பதவி உயர்வு அப்போது அவர் கையில் இருந்தது. அவர் ஏகாம்பரத்தின் பெயரைக் கேட்டார். ஆபிரகாம் என்று பதில் வந்தது. பரமண்டல ஜெபம் சொல் என்றார். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். வழக்கமாகச் சிக்கும் இடத்தில் சிக்கினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடம். கூட்டம் சிரித்தது. எங்கள் சபைப் பெண்களில் சிலரும் சிரித்தார்கள். அம்மா உதட்டை அசைத்து அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்தில் அவருக்கு அது எப்படித் தெரியும்.

ஃபோர்மேன் அப்பாவைப் பார்த்து, இவனை யார் கூட்டிவந்தது என்றார்.

"எங்களுக்குத் தெரியாது சார். அவனா வந்து கிறிஸ்தவன்னு சொன்னான்" என்றார் அப்பா.

ஏகாம்பரம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆட்டம் நின்றதும் உள்ளே ஓடிப்போய் நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை ஈரமாக இருந்தது. ஏகாம்பரம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஃபோர்மேன் பக்கம் திரும்பி, "ஆமா சார். நான்தான் பொய் சொல்லிகினு வந்தேன்" என்றார்.

சபையின் பனியனைக் கழற்றச் சொன்னார்கள். அங்கேயே, எல்லோர் முன்னாலும் கழற்றி, மடித்து, தரையில் வைத்தார். தோளிலும் முதுகிலும் நீலம் படிந்திருக்க, வெறும் உடம்போடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார். யாரோ 'ஆபிரகாமு' என்று கூவ, மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

5

மறுநாளிலிருந்து அவர் பால் கொண்டுவரவில்லை. எங்கள் வீட்டில் பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்தோம். நாலைந்து நாள் கழித்து அம்மா யாரிடமும் சொல்லாமல் பருத்திப்பட்டுக்குப் போய்வந்தாள். அப்பாவிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன். "அவன் வெளிய வரல. அவங்க அம்மா தண்ணி குடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன். நீங்க ஒருதடவை போயிருக்கணும்."

அப்பா போகவில்லை. பதவி உயர்வு வந்தது. கூடைப்பந்துத் தளத்துப் பக்கம் அதன்பிறகு அவர் போனதில்லை. இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி எழவும் இல்லை. ஆனால் எனக்கு அது போகவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பால் சைக்கிள் மணி கேட்டால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். கல்யாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளைக்கு ஊர் எவ்வளவு தூரம் என்று அம்மா கவலைப்பட்டாள். எனக்கு அந்தத் தூரம் ஆறுதலாகத்தான் இருந்தது. விமானம் ஏறியபோது ஆவடியை விட்டுப் போகிறேனே என்று அழுத அழுகையில் பாதி பொய் என்று இப்போது தோன்றுகிறது.

ஜோயல் தாத்தாவின் கதையைத் தன் கோச்சிடம் சொல்லிவிட்டான். டேல் என்ற அந்த நல்ல மனிதர் வீட்டுக்கே வந்தார். போட்டிக்கு முந்தைய ஞாயிறு உங்கள் தகப்பனார் பையன்கள் முன்னால் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும், நேர்மை என்றால் என்னவென்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றார். அப்பா சரி என்று தலையாட்டினார். நீங்கள் மொழிபெயர்த்துவிடுங்கள் என்று டேல் என்னிடம் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பொய்யை என் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் என் பிள்ளை முன்னால். சனிக்கிழமை காலை அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன்" என்றேன்.  அவர் கை நிற்கவில்லை. "தெரியும்ளா" என்றார். கிண்ணத்தில் இருந்த பூண்டெல்லாம் தீரும்வரை உரித்தார்.

6

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அடித்தளக் கூடத்தில் கூடினார்கள். பையன்கள் முன்வரிசையில். ஜோயல் நடுவில், இவர் என் தாத்தா என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தான். அப்பா என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். ஊரைப் பற்றி, தொழிற்சாலையைப் பற்றி, சாயம் ஒழுகும் பனியனைப் பற்றிச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். காப்புக் கயிறு என்ன என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டது. பிறகு இறுதி ஆட்டத்துக்கு வந்தார். இவனை யார் கூட்டிவந்தது என்று ஃபோர்மேன் கேட்ட இடத்தில் நிறுத்தினார்.

"பேரன்கிட்ட நான் வேற மாதிரி சொன்னேன்" என்றார். "அது பொய். அந்த மனுஷனத் தெரியாதுன்னு சொன்னேன். என் வீட்டுல டீ குடிச்சவன. அந்தப் படத்துல கடைசியில அந்த நெட்டையனத் தோள்ல தூக்குதாங்க. நாங்க பனியனக் கழத்திட்டு அனுப்பிட்டோம்."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் அங்கே நடந்தது என்றாகிவிடும். ஜோயலைப் பார்த்தேன். அவனுக்கு ஏற்கெனவே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா என் பக்கம் திரும்பி, "சொல்லு, மெர்சி" என்றார்.

சொன்னேன். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. டேல் தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றி என்றார். போதகர் எழுந்து சின்னதாக ஒரு ஜெபம் செய்து கூட்டத்தை முடித்துவைத்தார். காபி மேசையருகே எங்களிடம் வந்தவர்கள் பனியைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

காரில் ஜோயல் ஆங்கிலத்தில் கேட்டான், தாத்தாவுக்குக் கேட்கும்படியாகவே. அதை ஏன் அங்கே சொல்ல வேண்டும், இனி என் சிநேகிதர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்றான். அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவமானம் என்னோடு முடிந்துபோகும் என்று நினைத்திருந்தேன். அது பிள்ளையிடமும் வந்துவிட்டது. அவனுடைய அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. அப்பா ஊருக்குக் கிளம்பும்வரை ஜோயல் அவரிடம் சரியாகப் பேசவில்லை. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தான், ஆனால் சீக்கிரம் கையை எடுத்துவிட்டான்.

7

அப்பா ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு தொலைபேசி அடித்தது. ஆவடியில் அப்போது ஞாயிறு காலை. பருத்திப்பட்டில் இருக்கிறேன் என்றார் அப்பா. ஏரியைச் சுற்றிக் கட்டடங்களாகிவிட்டதாம், வழியே புரியவில்லையாம். விசாரித்து விசாரித்துப் போயிருக்கிறார். ஏகாம்பரம் இப்போது தண்ணீர்க் கேன் கடை வைத்திருக்கிறார். முதலில் அடையாளம் தெரியவில்லை, பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார் என்றார். மன்னிப்புக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. இந்தா பேசு என்று போனைக் கொடுத்துவிட்டார்.

"மெர்சி பாப்பாவா? நல்லா கீறியாமா?"

குரல் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல். அம்மா இறந்ததை அப்பா சொன்னாராம், கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது என்றார். தனக்கு இரண்டு பெண்கள், பெரியவள் நெமிலிச்சேரியில் இருக்கிறாள், பேத்தி பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறாள் என்றார்.  இத்தனை வருஷமாக நான் நம்பியிருந்தது, ஃபோர்மேனுக்குப் பயந்துதான் அவர் அன்று பழியை ஏற்றுக்கொண்டார் என்று. பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு பால்காரர் வேறு என்ன செய்வார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அண்ணா, அன்னைக்கு நீங்க ஏன் உண்மையைச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன்.

 கடையில் யாரோ கேன் கேட்பதும், இருப்பா என்று அவர் சொல்வதும் கேட்டது.

"நீ உங்க நைனா கையப் புட்ச்சிகினு நின்னுகினு இருந்தியேமா" என்றார். "கொய்ந்த எதிர்ல, உங்கப்பன் பொய் சொல்றான்னு எப்டிமா சொல்றது?"

  என் பதிலுக்குக் காத்திராமல் அவரே பேச்சை மாற்றினார்.

"அங்க ரொம்ப குளிராமே, உங்க நைனா சொல்லிச்சு. வெளிய போகசொல்லோ காதுல பஞ்சு வச்சிகினு போமா."

சரியண்ணா, வைத்துக்கொள்கிறேன் என்றேன்.